வியாழக்கிழமை நோயாளி

நோயாளியாக நடிக்கிற தொழிலில் வாய் திறப்பது சுலபம். கேட்காததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் சம்பளம்.

கிளினிக் நம்பர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கில் குந்தியிருந்து, உள்ளே போய், சொல்ல நினைத்ததில் பாதியையும் சொல்லாமல் வெளியே வந்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவு. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உள்ளே இருக்கிற பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டரை மாற்றிப் பாருங்கள்

பாடசாலையில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வியாழக்கிழமைகளில் கல்முனையில் பஸ் ஏறி மருத்துவ பீடத்துக்குப் போகிறேன். விரிவுரையாளர் முன்கூட்டியே ஒரு தாள் தருவார். என்ன நோய், எத்தனை நாளாக, எதைக் கேட்டால் மட்டும் சொல்லலாம் என்று அதில் இருக்கும். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பத்து நிமிடம் என்னோடு கதைத்து நோயை அறிய வேண்டும். பிறகு மணி அடிக்கும். மூலையில் இருந்து விரிவுரையாளர் புள்ளி போடுவார். எனக்கும் ஒரு கட்டம் உண்டு: ‘இந்த டாக்டரிடம் திரும்பி வருவீர்களா?’ அதில் ஓம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். நோயாளிக்கும் ஒரு புள்ளி வேண்டும் என்று கேட்டு வாங்கியது மாணவர் ஒன்றியம். தங்களுக்கு எதிராகத் தாங்களே ஒரு தடியை வெட்டிக் கொடுத்த பிள்ளைகளை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பஸ் கொண்டக்டருக்கு இதெல்லாம் தெரியாது. மூன்று மாதம் என்னைக் கவனித்துவிட்டு, ஒருநாள் டிக்கட் தரும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஒவ்வொரு வியாழனும் போறீங்க, ஒவ்வொரு வியாழனும் அதே முகத்தோட திரும்பி வாறீங்க. டாக்டர மாத்திப் பாருங்க டீச்சர்.”

நெஞ்சு நோவு

என் தொழில்தோழர் மஜீத். மற்ற நாட்களில் ஓட்டோ ஓட்டுகிறவர். நோய் எதுவானாலும் அவருக்குக் கொஞ்சம் கூட்டித்தான் வரும். முதல் தடவை அவருக்கு நெஞ்சு நோவுத் தாள் கிடைத்தது. ‘இலேசான நோவு, படியேறினால் கூடும்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. அன்று நோயாளிதான் உள்ளே போக வேண்டும். மஜீத் கதவைத் திறந்து இரண்டடி வைத்தார், சுவரைப் பிடித்தார், “யா அல்லாஹ்” என்று சரிந்தார்.

உள்ளே இருந்தவள் முதலாம் வருடப் பிள்ளை. கேள்வித்தாளை எறிந்துவிட்டு ஓடி வந்து அவரை மல்லாத்தி நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அமுக்கத் தொடங்கிவிட்டாள். மஜீத் எழும்பப் பார்க்கப் பார்க்க அவளும் விடாமல் அமுக்கினாள். விரிவுரையாளர் வந்து பிரித்தெடுத்தார். பிள்ளைக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனால் ஓடி ஒளியவில்லை, அதை நான் குறித்துக்கொண்டேன். தேத்தண்ணி குடிக்கும்போது விலாவைத் தடவிக்கொண்டு மஜீத் சொன்னார்: “புள்ளைக்கு ‘ஓம்’ எழுதிட்டன். ஆனா இனி எனக்கு வயித்து நோவு மட்டும் தரச் செல்லுங்க டீச்சர், நெஞ்சு வேணாம்.”

கேட்கப் பயந்த கேள்வி

ஷிபானா வரிப்பத்தான்சேனைப் பிள்ளை. வாப்பா வேளாண்மை செய்கிறவர். அந்த வருடம் அவள் மாணவர் ஒன்றியத் தேர்தலில் தலைவிக்குக் கேட்டு நின்றாள். பாடத்திட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், நேரம் போதாததால் வியாழக்கிழமை வகுப்பை எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட காலம். ‘இந்த வகுப்பைக் காப்பாற்றுவேன், முடியாவிட்டால் தலைமையை விடுவேன்’ என்று எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் வென்றாள். குரல் உயராது. ஆனால் பீடாதிபதியின் அறைக்குள் போனால் பதில் இல்லாமல் வெளியே வரமாட்டாள்.

நோன்பு மாதத்தில் அவள் என் முன்னால் வந்து இருந்தாள். தாளின்படி எனக்குச் சீனி வருத்தம். பகல் மருந்துக் குளிசையை விட்டுவிட்டு நோன்பு பிடிக்கிறேன். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். தலைச்சுற்று, பார்வை, கால் எரிவு எல்லாம் கேட்டாள். அதை மட்டும் கேட்கவில்லை. நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

வகுப்பு முடிந்ததும் தேடி வந்தாள். “கேட்க மறந்துவிட்டாயா மகள்?” என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். “பீடாதிபதிக்கிட்டக் கேக்கப் பயமில்ல டீச்சர். எங்கட உம்மாவப் போல இரிக்கிற ஒரு ஆளப் பாத்து, ‘நோம்பு புடிச்சிக்கிட்டுக் குளிசைய உட்டுட்டீங்களா’ண்டு கேக்கத்தான் பயம்.”

மருமகன் நிற்கிறார்

எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணின் தாய்க்கும் அதே கூரைதான். மருமகன் முன்வாசலால் வந்தால் மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுப்படிக் குசினிப்பக்கம் போய்விடுவார். ஒரே வீட்டில் இருபது வருடம் இருந்தும் மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்காத மாமிமாரை எனக்குத் தெரியும். ஆனால் சுகமில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவரும் அவர்தான். வாகனம் அவரிடம் அல்லவா இருக்கிறது.

இதை அறிந்த விரிவுரையாளர் ஒரு தாள் எழுதினார். அதன்படி எனக்குச் சலம் அடக்க முடியவில்லை, சிறுநீர் தன்பாட்டில் போகிறது. கூட வந்த மருமகன் பக்கத்தில் நிற்கிறார். மருமகன் மஜீத். காலையிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாம் என்னை விதவிதமாகக் கேட்டார்கள். நான் முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டு நிலத்தைப் பார்த்திருந்தேன். மஜீத் எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த ஊர்ப் பிள்ளைகளே ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். வெள்ளைக் கோட்டைப் போட்டதும் சொந்த வீட்டுக் குசினியை மறந்துவிடுகிறார்கள்.

கடைசியில் கசுன் வந்தான். சிங்களப் பிள்ளை, இங்கே வந்துதான் தமிழ் படித்தவன். என்னைப் பார்த்தான், மஜீத்தைப் பார்த்தான். “அண்ணா, அம்மாட கிளினிக் கொப்பி எடுத்து, வெளியே நேர்ஸ் மிஸ்கிட்ட காட்டிட்டு வாங்க” என்றான். மஜீத் போனதும் கதிரையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, என் முகத்தைப் பாராமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “இப்ப சொல்லுங்க அம்மா” என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். சிரித்தான். “மருமகன் எல்லா ஊரிலும் இருக்கிறான் தானே, அம்மா.”

அழகான கடிதம்

ஒன்றியக் கூட்டம் மரத்தடியில் நடந்தது. நானும் மஜீத்தும் ஓரத்து வாங்கில் இருந்து கேட்டோம். எல்லோரும் ஷிபானாவின் பக்கம் இல்லை. “பரீட்சையில வராததுக்கு ஏன் ஒரு வியாழக்கிழமைய வீணாக்கிற?” என்று ஒரு பையன் கேட்டான். அவனை யாரும் சத்தம் போட்டு இருத்தவில்லை. கடைசிவரை கேட்டார்கள், பிறகு பதில் சொன்னார்கள், பிறகு கை உயர்த்தினார்கள். அவள் வென்றது இரண்டு மூன்று கைகளால்தான். பெரியவர்களின் எத்தனையோ கூட்டங்களில் இருந்திருக்கிறேன்; இவ்வளவு மரியாதையான சண்டையை அங்கே பார்த்ததில்லை.

பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி அவள் என்னைக் கேட்டாள். நான் என் கணவரைப் பற்றி எழுதினேன். அவர் மௌத்தாவதற்கு முந்திய நாள் மூன்று டாக்டர்கள் கட்டிலடியில் நின்று இங்கிலீசில் கதைத்துக்கொண்டார்கள். இங்கிலீசு அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவர்கள் போனதும் “என்னவாம்?” என்று என்னைக் கேட்டார். “நாளைக்கு வீட்டுக்குப் போகலாமாம்” என்றேன். முப்பத்தெட்டு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய். யாராவது ஒருவர் அந்தக் கட்டிலோரம் குந்தி அவருடைய மொழியில் அவரோடு கதைத்திருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். நடிக்க வந்ததும் அதனால்தான்.

ஷிபானா இரண்டு தரம் வாசித்தாள். கண்ணைத் துடைத்தாள். கடிதத்தை மடித்து என் கையிலேயே தந்தாள். “இது அவ்வளவு அழகா இரிக்கி டீச்சர். அவங்களும் வாசிச்சி அழுவாங்க, மறுகா பைலுக்குள்ள வெச்சிருவாங்க. எங்களுக்கு அழுகை வேணாம், வியாழக்கிழமதான் வேணும்.”

பத்து நிமிடம்

குழுவிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: முடிவெடுக்க முதல் உங்களில் ஒருவர் அந்த டாக்டர் கதிரையில் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். பீடாதிபதியே சம்மதித்தார். பெயர்பெற்ற சத்திர சிகிச்சை நிபுணர். இந்தக் கரையில் பிறந்து, இந்தக் கரையிலேயே ஒரு வீட்டுக்கு மருமகனாகப் போனவர். ஷிபானா எனக்குத் தந்தது மருமகன் தாள். “சேருக்காக எண்டு இளக வேணாம் டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். அவர் சரியாகக் கேட்டுவிட்டால், ‘பயிற்சி இல்லாமலே வருகிறதே’ என்று வகுப்பை எடுத்துவிடலாம். பிழைவிட்டால் கோபம் வரலாம்.

குழுவினர் சுவரோரம் இருந்தார்கள். பீடாதிபதி நல்ல தமிழில், நல்ல குரலில், ஒழுங்காகக் கேட்டார். காய்ச்சல் உண்டா, பசி உண்டா, நித்திரை உண்டா. நான் முக்காட்டு நுனியைத் திருகினேன். மஜீத் “மாமிக்குச் சோறு இறங்குதில்ல சேர்” என்றார். அவர் அதை எழுதிக்கொண்டு அடுத்ததைக் கேட்டார். ஷிபானா என்னைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது.

அவர் பேனையை மூடினார். எழும்பப் போனவர் நின்று, என் முக்காட்டையும் மஜீத்தையும் பார்த்தார். முகம் மாறியது. “தம்பி, கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்றார். மஜீத் போனார். அவர் மறுபடியும் கதிரையில் இருந்தார். “மணி அடிச்சா அடிக்கட்டும். நீங்க சொல்லுங்க உம்மா.” தாளில் இல்லாத என் கணவரின் கதை முன்னால் வந்து நின்றது; அதை விலக்கிவிட்டுத் தாளில் இருந்ததைச் சொன்னேன்.

நான் எழுதியதைப் பார்க்கக் கேட்டார். ‘இல்லை’ என்று இருந்தது. மணி அடித்த பிறகு கேட்டால் புள்ளி இல்லை என்பது விதி. அதுவும் மாணவர்கள் போட்ட விதிதான். பீடாதிபதி முதலில் மெல்லச் சிரித்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப நான் அடுத்த வியாழன் திரும்ப எடுக்கோணும். வகுப்பு இரிக்கிதானே?” என்று ஷிபானாவைக் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. வகுப்பு தொடர வேண்டும் என்று கையில் இருந்த தீர்மானத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். “அது உங்கட ஒப்பத்திலதான் இரிக்கி சேர்.”

அவர் ஒப்பமிட்டார், அடுத்த வியாழனே வந்து ‘ஓம்’ வாங்கிக்கொண்டும் போனார், வகுப்புக்கு இப்போது பரீட்சைப் புள்ளியும் உண்டு, ஆக, என்னுடைய பொய் வருத்தங்கள் எல்லாம் பாடத்திட்டத்தில் இடம் பிடித்துவிட்டன, உண்மையான முழங்கால் நோவு மட்டும் துண்டும் கையுமாக உங்களோடு அதே வாங்கில் குந்தியிருக்கிறது.