பையில் மூன்று ஆரஞ்சு

தீம் பார்க் செக்யூரிட்டியின் கண்ணில் மண்ணைத் தூவி, டயப்பர் பைக்குள் புளியோதரை கொண்டுபோன குடும்பம் எங்களுடையது. அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் பிளசன்டனில் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் வெறுங்கையோடு எதை நம்பிப் போவது? அந்தத் திமிரோடுதான் கென்யாவுக்கும் போனேன்.

சஃபாரியின் முதல் நாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன் கைடு ஒன்றுதான் கேட்டார். பழம் ஏதாவது இருக்கிறதா, முக்கியமாக ஆரஞ்சு? யானைக்கு அதன் வாசனை தூரத்திலேயே தெரிந்துவிடும், வண்டிக்குள் தும்பிக்கையை விட்டுத் தேடும் என்றார். நான் முந்திக்கொண்டு இல்லை என்றேன். லாட்ஜின் சாப்பாட்டு மேஜையிலிருந்து நான் எடுத்த மூன்று ஆரஞ்சு, மகளின் பைக்குள் இருந்தன. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் கண்ணெதிரேதான் வைத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். முன் சீட்டில் கேமராவோடு இருந்த கணவருக்கு எதுவும் தெரியாது.

வரிக்குதிரைகளைப் பார்த்துக்கொண்டே போனோம். ஒரு மேட்டைத் தாண்டியதும் பாதையோரம் ஒற்றை ஆண் யானை நின்றது. கைடு இன்ஜினை அணைத்தார். கோயில் யானையைப் பார்த்துப் பழகிய என் கை தானாகக் கும்பிட்டது. யானை தும்பிக்கையைத் தூக்கி மோந்தது. பிறகு நேராக எங்களை நோக்கி நடந்து வந்தது.

யாரும் அசையக்கூடாது என்று கைடு மெல்லச் சொன்னார். பக்கவாட்டில் கண்ணாடி இல்லாத வண்டி. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் மகள். தும்பிக்கை அவள் மடிக்கு வந்தது. அதன் மூச்சில் அவள் முன்முடி பறந்தது. பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா என்றுதான் மனசுக்குள் அரற்றினேன். யாரிடமிருந்து காப்பாற்றச் சொல்லி யாரைக் கூப்பிடுகிறேன் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை.

யானை பையை இழுத்தது. பையின் வார் மகளின் தோளில் மாட்டியிருந்தது. அவளும் சேர்ந்து வெளியே சாய்ந்தாள். அவள் சட்டையைப் பிடிக்க நீண்ட என் கை பாதியிலேயே நின்றுவிட்டது. அவளே மெதுவாகத் தோளை வளைத்து வாரைக் கழற்றினாள். பை போனது. யானை அதைக் காலால் அழுத்திக் கிழித்துக்கொண்டிருக்கும்போதே கைடு வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டார்.

வெகுதூரம் வந்த பிறகு வண்டியை நிறுத்தி, பையில் என்ன இருந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"ஸாரி, ஆரஞ்சு. இட் வாஸ் மைன். ஐ ஃபர்காட்," என்றாள் மகள்.

கணவர் திரும்பி அவளைத் திட்ட ஆரம்பித்தார். "அவர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல? உயிர் போயிருக்கும், தெரியுமா?" லாட்ஜ் வரும்வரை திட்டு நிற்கவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். நான் வெளியே வரிக்குதிரைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அறைக்கு வந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று தனியாகக் கேட்டேன்.

"யூ வேர் ஷேக்கிங், அம்மா."

வீட்டுக்கு யாராவது வந்தால் கணவர் இப்போதும் அந்தக் கதையைச் சொல்கிறார், அவளுடைய மறதியைக் கிண்டல் செய்து. எல்லோரும் சிரிப்பார்கள். அவள் என்னை ஒருதரம் பார்ப்பாள். நான் காபி கலக்க உள்ளே போய்விடுவேன்.