வாசலுக்கு முதுகு காட்டிய கவுன்ட்டர்

மயிலாப்பூரில் மேற்குப் பார்த்த ஒரு சிறிய கடையில் ஊறுகாய், வடாம் விற்க ஆரம்பித்தேன். கல்லாவில் உட்காருபவர் கிழக்கைத்தான் பார்க்க வேண்டும் என்றார் வாஸ்து பார்த்தவர்.

"அப்போ வாசலுக்கு முதுகு காட்டி உக்காரணுமேம்மா!" என்றார் கவுன்ட்டர் கட்ட வந்த மேஸ்திரி. நான் கேட்கவில்லை. நகர்த்தவே முடியாதபடி செங்கல் வைத்து, மேலே கிரானைட் பதிக்கச் சொன்னேன்.

கடை திறந்த பிறகு யார் படியேறினார்கள், யார் இறங்கினார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை. எதிரே பூ விற்கும் அம்மாதான் ஒருநாள் வந்து கத்தினார். "இன்னாம்மா, வர்ற ஜனம் உன் முதுக பாத்துட்டு திரும்பிப் போய்க்கினு கீது. நீ சுவத்த பாத்துக்கினு குந்திக்கீற!"

அன்றைக்கே இடித்திருக்கலாம். "ஆறு மாசம் பொறுங்க, கூட்டம் தானா வரும்" என்ற வாஸ்துக்காரரை நம்பினேன். ஆறு மாதம் கடை தாங்கவில்லை. அடுத்து வந்தவர் முதல் வேலையாக அந்தக் கவுன்ட்டரை இடித்தார்.

இப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். என் கவுன்ட்டர் வாசலைப் பார்த்து இருக்கிறது. யார் படியேறினாலும் நிமிர்ந்து "வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். அது எந்தத் திசை என்று பார்த்ததே இல்லை. கடைதான் என்னுடையது இல்லை.