எதிர்க்காற்றில் தூற்றியவள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். களத்து வேலையில் என்னைக் குறை சொன்னவர் யாருமில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஏழு மாடி ஓட்டல் எழும்பியபோது, அதன் சுவர் முழுக்க ஒருவர் படம் வரைந்துகொண்டிருந்தார். நரைத்த தாடி, சட்டையெல்லாம் பெயிண்ட். ஓரிடத்தில் நிற்கமாட்டார், சாரத்திலிருந்து இறங்கி, பஸ்களுக்கு நடுவே ரோட்டைக் கடந்து வந்து சுவரைப் பார்ப்பார், மறுபடி ஓடுவார். நெல் தூற்றும் பெண்ணின் படம் அது. பதர் முகத்தில் அடிக்க, கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றாள்.

வெள்ளிமலை பஸ்ஸுக்குக் காத்திருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“இன்னாப்பா இது? எதிர்க்காத்துல எவளாவது தூத்துவாளா? வரைஞ்சவரு களத்தையே பார்த்ததில்ல போல!”

நின்றவர்கள் சிரித்தார்கள். ஓட்டல் முதலாளி காதிலும் விழுந்தது.

“ஆயா சொல்றது சரிதானே? நாளைக்குத் தொறப்பு விழா. சிரிக்கிற மூஞ்சியா மாத்திப் போடுங்க” என்றார்.

வரைந்தவர் என் அருகே வந்து மெதுவாகச் சொன்னார்: “காத்து திடீர்னு திரும்பிடிச்சிங்க. எங்கம்மா அப்பிடித்தான் நின்னுகினு இருந்தாங்க. எங்கிட்ட அவங்க போட்டோ இல்ல.”

முதலாளியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இப்போது அவள் முகத்தில் ஒரு பதர்கூட இல்லை; பளிச்சென்று சிரிக்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சுவரைப் பஸ் கடக்கும்போது மட்டும் நான் எதிர்ப்பக்கச் சன்னலுக்கு மாறிவிடுகிறேன்.

இதையெல்லாம் நான் எழுதிவைத்த தாளைப் பேத்தியிடம் கொடுத்தேன். “கண்ணு, எழுதினத ஒருவாட்டி படி. எம்மேலதான் தப்புன்னு அதுல எங்கியாவது வந்திருக்கான்னு பாரு.”