உவரி பஸ்ஸில் நான் அடித்த கட்டுரை

முக்கூடல் சுற்று வட்டாரத்தில் ஓடுகிற கிணற்று மோட்டார்களில் பாதிக்கு மேல் என் கையால் செப்புக் கம்பிக் காயில் கட்டியவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒரே ஒரு ஸ்குரூ டிரைவரோடு ஆரம்பித்து, ஓலைக் கொட்டகையைக் காங்கிரீட் கடையாக்கினேன். ரைஸ் மில் வைத்தேன். மோட்டார் மெக்கானிக் சங்கத்துக்குக் கட்டடம் எழுப்பியபோது பணமும் கொடுத்து, சித்தாளோடு சித்தாளாகக் கல்லும் சுமந்தேன். ஒருத்தனும் கை கொடுக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் எழுதவும் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இப்போது பிடுங்கப் பார்க்கிறார்கள்.

உவரியில் படகு எஞ்சின் பார்க்கிறவர்களைச் சங்கத்தில் சேர்க்கப் போனோம். நானும் செயலாளர் சிவபெருமாளும். அவர் பி.ஏ. படித்தவர். போய்வந்ததைச் சங்க மலருக்குப் பயணக் கட்டுரையாக எழுதித் தருவது என் பொறுப்பு.

காலை 8.10. திருநெல்வேலி புதிய பஸ் நிலையம். டீ பதினைந்து ரூபாய், அதுவும் முக்கால் கிளாஸ். நான் பையிலிருந்து மடக்குக் கீபோர்டை எடுத்தேன். மூன்றாக மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். விரித்தால் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். வயர் இல்லாமலே போனோடு இணையும். செப்புக் கம்பி இழுத்துக் காய்த்துப்போன என் விரல் போன் கண்ணாடியில் பட்டால் ஒன்று எழுத்தே விழாது, இல்லாவிட்டால் மூன்று விழும். அதனால் இதை வாங்கி, ஒவ்வொரு பட்டனிலும் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டி, மூன்று மாதம் பழகினேன்.

"எனக்கும் காட்டுங்க அண்ணாச்சி" என்று செயலாளர் தம் போனோடு அதை இணைத்து நாலு வரி அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இணைப்பைத் துண்டிக்கவில்லை. அது எனக்குத் தெரியாது.

8.35. பஸ் கிளம்பியது. உவரிக்கு எழுபது கிலோமீட்டர் இருக்கும். டிபன் பெட்டியை மடியில் வைத்து, அதன்மேல் கீபோர்டை விரித்தேன்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்ன அண்ணாச்சி, ஆர்மோனியமா? ஒரு பாட்டு எடுத்து விடுங்க, வண்டி தூங்கி வழியுது."

"கட்டுரை எழுதுதேன் வே. உம்மையும் போட்டிருக்கேன், மீதிச் சில்லறை தரலைன்னு."

பஸ்ஸே சிரித்தது. மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் வயல் போய் உடைமரமும் பனையும் வந்தன. எல்லாவற்றையும் அடித்தேன். எஞ்சின் சத்தத்தை வைத்தே டைனமோ பேரிங் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, அதையும் அடித்தேன். "செயலாளர் என் தோளில் சாய்ந்து குறட்டை விடுகிறார்" என்றும் அடித்தேன். என் கண் பட்டனை விட்டு நகரவில்லை. போனை நிமிர்ந்து பார்க்காதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

10.50. உவரி. கடல் காற்றில் மீன் வாடை. கடற்கரை டீக்கடையில் படகு எஞ்சின் பார்க்கிற அந்தோணி எங்களுக்காகக் காத்திருந்தார். முதலில் அவருக்குக் கட்டுரையை வாசித்துக் காட்டலாம் என்று என் போனை எடுத்தேன். வெறும் வெள்ளை. இரண்டு மணி நேரம் அடித்ததில் ஓர் எழுத்து இல்லை.

பதறிப்போய் மறுபடி பட்டன்களைத் தட்டினேன். செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தோணி கத்தினார்: "நிறுத்தும் வே! இவரு போன்லல்லா எழுத்து ஓடுது! வலை வீசுனது நீரு, மீன் ஏறுனது இவரு வள்ளத்துலயா?"

செயலாளர் மடியில் திறந்து கிடந்த போனில் என் கட்டுரை முழுவதும் இருந்தது. பனை, கண்டக்டர், பேரிங் எல்லாம்.

"எனக்குத் தெரியவே தெரியாது அண்ணாச்சி. வீட்டுக்குப் போனதும் அனுப்பிருதேன்" என்றார். நம்பினேன். அந்தோணி உட்பட ஒன்பது பேரைச் சங்கத்தில் சேர்த்தோம். அவர் வீட்டில் சாளை மீன் குழம்பு. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மாலை 4.15 பஸ்ஸில் திரும்பினோம்.

மூன்றாம் நாள் சங்கத்து வாட்ஸாப்பில் கட்டுரை வந்தது. மேலே "எழுதியவர்: சிவபெருமாள், பி.ஏ." என்று இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. "அண்ணாச்சி என் தோளில் சாய்ந்து குறட்டை விடுகிறார்" என்று மாற்றியிருக்கிறார்! அதற்குக் கீழே இருபது பேர் கை தட்டியிருக்கிறார்கள்.

உடனே போன் போட்டேன். "என்னவே செஞ்சிருக்கீரு?"

"கோவப்படாதிய அண்ணாச்சி. நீங்க அஞ்சாப்பு. உங்க பேரைப் போட்டா மலர் படிக்கவன் நம்புவானா? சங்கக் கட்டடத்துக் கல்வெட்டுல உங்க பேரு இருக்குல்லா, அது போதாதா?"

கல்லில் இருப்பது நான் கொடுத்த பணத்துக்கான பெயர். கட்டுரை நான் அடித்தது. பி.ஏ. படித்த காதுக்கு டைனமோ பேரிங் தேய்ந்தது எப்படிக் கேட்டிருக்கும்? அதுவும் தூக்கத்தில்?

இதையும் அதே கீபோர்டில், இந்த முறை வரிக்கு வரி போனை நிமிர்ந்து பார்த்து, நானே அடித்தேன். சங்கத்தார் இதை மலரில் அப்படியே போட வேண்டும். உவரிக் கட்டுரையின் மேல் "எழுதியவர்: முக்கூடல் சுடலைமுத்து, ஐந்தாம் வகுப்பு" என்று அச்சாக வேண்டும். வகுப்பை விட்டுவிடக் கூடாது. குறட்டை விட்டவர் பெயரையும் திருத்த வேண்டும்.