பேத்தி உண்டாக்கிய நாட்டு ஜெர்மன்

2014 கோடை விடுமுறைக்குச் சுவிஸிலிருந்து என் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். என் பேத்திக்கு அப்போது பத்து வயது. சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குள் ஒரு சின்ன நாடு இருக்கிறது என்றாள். அக்கா பேசும் சுவிஸ் ஜெர்மனைக் கேட்டுக் கேட்டு, அதைக் கொஞ்சம் மாற்றித் தன் நாட்டு மொழியாக்கினாள்.

நாள் முழுக்க இருவரும் அந்த ஜெர்மனில்தான் கதைத்துச் சிரித்தார்கள். என்னோடு அவள் பிரெஞ்சில் இரண்டு சொல் பேசுவதோடு சரி. எனக்கு வயிறு எரிந்தது. அக்காவும் என்னைப்போல ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் அவர் இருந்த மலையூரில் தமிழ்க் கடை கிடையாது. மொழி தெரியாமல் ஒரு ரொட்டிப் பாண்கூட வாங்க முடியாது. எனக்கோ இந்தப் பிரெஞ்சு நகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கத்தரிக்காயிலிருந்து விமான டிக்கெட் வரை எல்லாம் தமிழிலேயே கிடைத்ததால் பிரெஞ்சுகூடச் சரியாக வரவில்லை.

"நீயும் உள்ளுக்கு வாவன். நான் தமிழிலை சொல்லுறன்" என்றார் அக்கா, மேசைக்குக் கீழிருந்து.

"எனக்கு அடுப்பிலை வேலை கிடக்கு" என்றேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அக்கா ரயிலேறிய அன்று பேத்தி போர்வைக்குள் தனியாக இருந்து அழுதாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே புகுந்தேன்.

"எனக்கும் உங்கடை பாஷை சொல்லித் தாவன், குஞ்சு."

"எந்தச் சொல்லு வேணும், அம்மம்மா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"அக்காவுக்குத் தெரியாத சொல்லாப் பார்த்துத் தா."

அவள் யோசித்து, அந்த இடத்திலேயே புதிதாக ஒன்றை உண்டாக்கினாள். அதன் பொருளை இன்றுவரை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை.