மீனெண்ணெய் ஊற்றிய ஸ்டியரிங் பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் வாடகைக்கு இரண்டு கார்கள் இருந்தன. ஒன்றை நான் ஓட்டினேன். இன்னொன்று ஓடாது. அதனால் கல்யாணம், கருமாதி, கோர்ட்டு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் என் வண்டிதான். சொந்த வண்டி இல்லை, ஊரில் பழைய வியாபாரக் குடும்பத்து பாய் ஒருவருடையது. நான் வெறும் டிரைவர். இருந்தாலும் 'என் வண்டி' என்றுதான் சொல்வேன். யாராவது சிரித்தால் சண்டைக்குப் போவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும், சரியாகத்தான் சொன்னது.

பாய் அதிகம் பேசமாட்டார். மாதம் பிறந்தால் ஒன்றே ஒன்று கேட்பார்: "ஸ்டியரிங் பாக்ஸ்ல ஆயில் பார்த்தியாப்பா?"

"பார்த்தாச்சு பாய்" என்பேன்.

எங்கே பார்த்தேன்? நாம் ஸ்டியரிங்கைச் சுற்றினால் சக்கரத்தைத் திருப்புகிற பற்கள் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. இன்ஜினுக்குப் பக்கத்தில் அடியில் கிடக்கும். எண்ணெய் ஊற்ற அதன் தலையில் ஒரு மூடி. ஏரிக்காற்றில் அது துருவேறி இறுகிவிட்டது. ஒருமுறை ஸ்பேனர் வைத்துத் திருகியபோது வழுக்கி, விரல் முட்டியில் தோல் உரிந்தது. போ சனியனே என்று பானெட்டை மூடியவன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும்.

அக்கா ஏரிக்கு நடுவில் பசியாவரம் தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எங்கள் நைனாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன்தான். அவள் கையால் இறால் பிடிப்பவள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். கண்ணுக்கு வேலை இல்லை. விரல்தான் பார்க்கும், விரல்தான் பிடிக்கும். அவள் இறங்கினால் பறி நிறையும் என்று மற்றப் பெண்கள் பொறாமைப்படுவார்கள்.

ஒருநாள் கெளுத்தி மீனின் முள் அவள் வலது கட்டை விரலின் அடியில் ஏறிவிட்டது. மூன்று நாள் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போயிருக்கிறாள். நான் பார்த்தபோது கை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். டாக்டர் கத்தி வைத்துச் சீழை எடுத்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: பத்து நாள் தினமும் வந்து ஊசி போட்டுக் கட்டு மாற்ற வேண்டும், ஒரு நாள் விட்டாலும் விரலுக்கு உத்தரவாதம் இல்லை. பஸ்ஸில் யாராவது அந்தக் கையை இடித்தால் உயிரே போய்விடும் என்று அக்கா அழுதாள். "நான் எதுக்குக்கா கீறேன்?" என்றேன். தினமும் காலையில் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், படகில் அவளை இக்கரைக்குக் கொண்டுவருவார். இரண்டு பேரையும் நான் காரில் ஏற்றிக்கொள்வேன்.

நாலாம் நாள் ஸ்டியரிங் கனத்துவிட்டது. வளைவில் இரண்டு கையும் போட்டு மல்லுக்கட்டினேன். சாயங்காலம் படகுத்துறையில் பானெட்டைத் திறந்து மாமாவுக்குக் காட்டி, "இதுக்குள்ள எண்ணெ இல்லாத மாதிரி கீது மாமா. மூடி தொறக்க வரமாட்டேங்குது, பேஜார்" என்று புலம்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பானெட் மூடியிருந்தது. அவர் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் ஸ்டியரிங் லேசாகத்தான் இருந்தது. எனக்கே ஆச்சரியம். பாதி வழியில், வயல் நடுவே ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். உள்ளே 'கடக்' என்றது. அப்புறம் இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் வராது. வண்டி நேரே போய் வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். குப்பென்று மீனெண்ணெய் நாற்றம்.

எங்கள் பக்கம் படகு மரம் காயாமல் இருக்க மீனெண்ணெய் பூசுவார்கள். படகு வைத்திருக்கிற எல்லோர் வீட்டிலும் ஒரு டின் இருக்கும்.

"யார் ஊத்தினது?" என்று கத்தினேன்.

பின் சீட்டிலிருந்து மாமா இறங்கி வந்தார். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நான்தான் மச்சான். உளியை வெச்சு ரெண்டு தட்டு தட்டினேன், மூடி வந்துடுச்சு. எண்ணெ இல்லன்னியே, படகுக்கு வெச்சிருந்தத ஊத்தினேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யோவ், இது இன்னா படகா? மீனெண்ணெ போய் வண்டிக்கு ஊத்துவாங்களா? மூளை கீதாய்யா உனக்கு? உன் பொண்டாட்டி கையில நீயே கத்தி வெச்சிட்டியே பாவி!" இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கூசுகிறது. அக்கா கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை, நெடுநேரம் கழித்து ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கிளம்பிவிட்டிருந்தார், ஊசி போட ஆள் இல்லை, நாளைக்கு வா என்றார்கள். மறுநாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, "நேத்து ஏம்மா வரலை?" என்றார். அன்றே கட்டை விரலை எடுத்துவிட்டார்கள்.

கட்டை விரல் இல்லாத கையால் இறாலைத் தடவலாம். பிடிக்க முடியாது. அக்காவுக்கு அது டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மயக்கம் தெளிந்ததும் அவள் மாமாவைப் பார்த்து, "எண்ணெ ஊத்தி என் கைய எடுத்துட்டியே" என்றாள். "நல்லாக் கேளுக்கா" என்று பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தவன் நான்.

காரை லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்து பொன்னேரி மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் ஸ்டியரிங்கைக் கழற்றி, அடியிலிருந்து பெட்டியை இறக்கி, பட்டறைப் பலகையில் வைத்துப் பிரித்தார். உள்ளேயிருந்து துரு கொட்டியது. நொறுங்கிய பேரிங் குண்டுகளைக் கையில் அள்ளிக் காட்டினார். பல் எல்லாம் மழுங்கிக் கிடந்தது.

"மீனெண்ணெ ஊத்தினா இப்படித்தான் ஆகும்ல?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாப்பா பேசற? ஒரே ராத்திரியில இத்தினி துரு ஏறுமா? அடி சீல் கிழிஞ்சு, எண்ணெ எல்லாம் ஒழுகி, எத்தினி மாசமா வெறும் பொட்டியோட ஓட்டிகினு இருந்தியோ. அந்த மீனெண்ணெ இல்லாட்டி வண்டி அவ்ளோ தூரங்கூட வந்திருக்காது. மாசாமாசம் மூடியத் தொறந்து பார்க்க உனக்கு இன்னா வலி?"

மெட்ராஸிலிருந்து வேறு பெட்டி வந்தது. அவரே மாட்டி, எண்ணெய் ஊற்றி, மூடியை என் கையால் மூடச் சொன்னார். மூடினேன். "இப்போ தொற" என்றார். திறந்தேன். "ம், இதான் வேலை" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்றைக்கே போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மை தெரிந்தால் பாய் வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்ற பயம் பாதி, அக்காவின் முகம் பாதி. அவள் தினமும் மாமாவைத் திட்டினாள். அவர் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவளுக்குப் பதில் தண்ணீரில் இறங்கினார். மீனெண்ணெய் டின் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டதால் படகுக்கு எண்ணெய் பூசுவதையே விட்டுவிட்டார். மரம் வெடித்துப் படகில் தண்ணீர் ஏறியது. அவர் ஒரு பக்கம் தண்ணீரை இறைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் கோல் ஊன்றிப் போவதைத் துறையில் நின்று பார்ப்பேன். பார்க்கப் பார்க்க எனக்கு எரியும்.

மார்கழியில் ஒருநாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் துறையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "வண்டி போனது உன்னால இல்ல மாமா. என்னாலதான். ஒரு வருஷமா நான் எண்ணெயே பார்க்கல" என்றேன்.

"தெரியும்" என்றார். "கட்டுப் பிரிக்கப் போனப்போ மெக்கானிக்கைப் பார்த்தேன். சொன்னான்."

"தெரிஞ்சும் வாயைத் தொறக்கலியா? அவ கழுவிக் கழுவி ஊத்தறா, கேட்டுகினு கீறியே, நீ மனுஷனா?" மறுபடியும் அவர் மீதுதான் கத்தினேன். என் புத்தி அப்படி.

அவர் படகிலிருந்த தண்ணீரை இறைத்துக்கொண்டே சொன்னார்: "என்னைத் திட்டினா என்னாண்டயேதான் சோறு துன்னணும், எங்க போவா? உன்னைத் திட்ட ஆரம்பிச்சா அவளுக்குப் பொறந்த வீடே இல்லாமப் பூடும். வுடு மச்சான்."

விடவில்லை. அன்றே அந்த ஓட்டைப் படகில் அவரோடு பசியாவரம் போய், அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் இடது கையால் மீன் அரிந்துகொண்டிருந்தாள். கேட்டு முடித்தாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொங்கலுக்குச் சீர் எடுத்துப் போனேன். அரிசி, வெல்லம், புடவை, ஒரு கட்டுக் கரும்பு. அக்கா கரைக்கு வந்தாள். "அண்ணன் தம்பி இருக்கறவங்களுக்குக் கொண்டு போய்க் குடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். படகிலிருந்து ஒரு பொருளை இறக்க விடவில்லை.

மாமா படகைத் திருப்பினார். அதற்குப் புதிதாக மீனெண்ணெய் பூசியிருந்தது. பாதி ஏரி வந்தோம். அப்புறம் அவர் கோலை ஊன்றியபடியே, "சொன்னேனே, கேட்டியா?" என்றார்.

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.