கீமோ வார்டில் ஒரு சினிமா ஆப்பரேட்டர்

வாந்தியை நிறுத்தும் ஊசி மருந்தின் கண்ணாடிக் கழுத்தை முறிக்கையில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். தொண்ணூறுகளில் என் வேலைநாள் அந்தச் சத்தத்தில்தான் தொடங்கும். திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவு. டாக்டர் சொல்வதை நோயாளிகளுக்குப் புரியும்படி விளக்குவது என் வேலை. விலங்கியல் படித்திருந்ததால் கிடைத்தது. ‘ஏன் எனக்கு மட்டும்?’ என்று கேட்டபடி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் எங்கள் கூட்டம்தான்.

மொட்டை

ஏழுமலை டவுனில் ஒரு சினிமா கொட்டகையின் ஆப்பரேட்டர். நுரையீரலில் கட்டி. மருந்து ஏறினால் முடி கொட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். முதல் மருந்துக்கு வந்தபோது மொட்டைத் தலையில் சந்தனம். கூட வந்த மனைவி கௌரிக்கும் மொட்டை. “உங்களுக்கு எதுக்கும்மா?” என்றேன். கௌரி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். ஏழுமலைதான் பதில் சொன்னார்.

“எப்படியும் போற முடி, சாமிக்குப் போவட்டும்னு உக்காந்தேன் மேடம். எழுந்து பாத்தா பக்கத்துல இவ உக்காந்திருக்கா!”

பௌர்ணமி

எங்கள் ஊரில் மருந்துக்குத் தேதி குறிப்பவர்கள் பௌர்ணமியையும் பார்க்க வேண்டும். தவறினால் கட்டில்கள் காலி; எல்லாரும் கிரிவலத்தில் இருப்பார்கள். ஒருமுறை தவறிவிட்டோம். ஏழுமலை மருந்தைத் தள்ளிப்போடச் சொன்னார். தள்ளினால் கட்டிக்குத்தான் லாபம் என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். இருவரும் முறைத்துக்கொண்டிருக்க, கௌரி செருப்பைக் கட்டிலுக்கடியில் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

“நீங்க மருந்த ஏத்திக்கோங்க, நான் மலையச் சுத்திட்டு வரேன். ரெண்டுல எது கேட்டாலும் சரி.”

ரீல்

இரண்டும் கேட்கவில்லை. கட்டி அப்படியே இருந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கு அதே நோய், அதே மருந்து. அவருக்குப் பாதியாகச் சுருங்கியிருந்தது. “எனக்கு மட்டும் ஏன்?” என்றார் ஏழுமலை.

காரணம் பல இருக்கலாம், புதிதாகத் தெரியவந்த ஒன்று இது என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லியிருந்தார். அதை அவருக்குச் சினிமாவாக்கினேன். செல்லுக்குள் மரபணுவிலிருந்து ஒரு நகல் எடுக்கப்படுகிறது. வேண்டாத துண்டுகளை வெட்டி, மிச்சத்தை ஒட்டிய பிறகே அதிலிருந்து புரதம் உருவாகும். எதை வெட்டுவது, எதை விடுவது என்பதை மேற்பார்வையிடச் சில நொதிகள்; அவைதான் அங்கே ஆப்பரேட்டர். அவை வரம்பு மீறினால் அதே ரீலில் வேறு படம் ஓடும். சாகவேண்டிய செல் சாகாமல் பெருகும், மருந்துக்கும் தப்பிக்கும். ஏழுமலை இருமலும் சிரிப்புமாக நிமிர்ந்தார்.

“நானும் கடைசி பஸ்ஸப் பிடிக்க ரெண்டு பாட்ட வெட்டிருக்கேன் மேடம், ஆனா வில்லன ஜெயிக்கவிட்டதில்ல. அந்த ஆப்பரேட்டரப் பிடிச்சு நாலு சாத்து சாத்துங்க!”

உப்பு

அவனைச் சாத்த எங்களிடம் மருந்து இல்லை. டாக்டரம்மா வேறு வழியில் தாக்கும் மருந்துக்கு மாறினார். இதுவும் தப்பினால் அடுத்து ஒன்றுமில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஏழுமலைக்கும். ஸ்கேன் எடுக்க வேண்டிய காலையில் கௌரி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு திட்டுறாரு மேடம்! ருசியே தெரியாமக் கெடந்த மனுசன், தட்டத் தள்ளிவிட்டுத் திட்டுறாரு!”

ஸ்கேனும் அதையே சொன்னது: கட்டி சுருங்கியிருந்தது. எந்த மருந்து எந்த உடம்பில் தோற்கும் என்று கடைசிவரை முன்கூட்டிச் சொல்லத் தெரியாமலே விளக்கம் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். ஏழுமலை மேலும் சில வருடம் வேலை பார்த்தார், கட்டி திரும்பி வந்த வருடம் இறந்துபோனார்.